எழுபத்தாறு வரிசை

கோச்சடையில் எங்கள் பக்கத்து மனையில் சுற்றுச்சுவர் எழும்புகிறது. ஈரச் சிமெண்டு வாசம் ஜன்னல் வழியாக வந்ததும், காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் செங்கல் வரிசைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. என்னை இப்படிக் கெடுத்து வைத்தது நீதான்டீ.

எண்பதுகளில் காலை நேரம் நாம் இருவரும் தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டடப் படம் வரையக் கற்றுக்கொடுத்தோம். மதியத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் பகுதி நேர வேலை. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய சிறை மதிலை அளந்து குறிப்பெழுத வேண்டும். வாசல் காவலர் முதல் நாளே நம் டேப்பைப் பிடுங்கிக்கொண்டார். "கயிறும் டேப்பும் எனக்கு ஒண்ணுதாம்மா. உள்ள விட மாட்டேன்" என்றார். இஞ்சினியர் கொண்டுவந்தால் மட்டும்தான் டேப் உள்ளே வரும். நீ அசரவில்லை. அடிக்கு நாலு வரிசை, இருபது அடி மதிலுக்கு எண்பது வரிசை என்று கழுத்து வலிக்க எண்ண ஆரம்பித்தாய்.

பின்பக்க மதிலில் எழுபத்தாறுதான் வந்தது. மேஸ்திரி சிரித்தார். "மேல பாரு தாயி, நூல் புடிச்ச மாதிரி இருக்கு. எப்படிக் குறையும்?" உச்சி மட்டமாகத்தான் இருந்தது. அங்கே தரை ஓரடி மேடு என்பதை அவர் மறந்துவிட்டார். மறுநாள் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிக்க ஏற்பாடு. பதித்துவிட்டால் அப்புறம் யார் உயர்த்துவார்கள்? "விடுடீ, வேலை போயிரும்" என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீ இஞ்சினியரையே வரவழைத்துவிட்டாய். கடுகடுவென்று வந்தார். "தப்பா இருந்தா நாளையில இருந்து வர வேண்டாம். யாரு எண்ணுனது?"

"நாங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றாய். நான் ஒரு வரிசைகூட எண்ணியிருக்கவில்லை!

டேப் இறங்கியது. சரியாகப் பத்தொன்பது அடி.

"நூலை நம்பி ஏமாந்துட்டேன் தாயி" என்று மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதே சாரம் கட்ட ஆள் கூப்பிட்டார். போகும்போது அந்தக் காவலர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டாரே, அப்போது நீ நடந்த நடை! பட்டாபிஷேகத்து மீனாட்சிக்குக்கூட அத்தனை மிடுக்கு இருந்திருக்காது.

பரவை பஸ்ஸில் கேட்டேன், என்னை ஏன் சேர்த்துச் சொன்னாய் என்று. "பயந்த, ஆனா ஓடலையே. பக்கத்துல நின்னியே, அம்புட்டு போதும்" என்றாய்.

அதன்பின் எத்தனையோ மதில்களை அளந்தேன். யார் முறைத்தாலும் குறைந்ததைக் குறைந்தது என்றே எழுதினேன். ஒரு பயலாலும் என்னை மாற்றி எழுத வைக்க முடியவில்லை. பயமே அறியாதவள் என்று எனக்குப் பேர். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: பயம் ஒவ்வொரு முறையும் வந்தது. நான்தான் நகரவில்லை.