முப்பத்தொன்றாம் விதி

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லோக்கல் பதினைந்து நிமிடம் லேட். ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை நின்றுகொண்டே.

ஆபீஸில் புது ஆள். ஆள் இல்லை, சாஃப்ட்வேர். ஏ.ஐ. அசிஸ்டென்ட். லிஃப்ட் ரிப்பேர் என்று கம்ப்ளெய்ன்ட் வந்தால் வாங்கிக்கொள்ளும், எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்று ஒதுக்கும், மெயில் எழுதும், சாருக்கு ரிப்போர்ட் கொடுக்கும். அதாவது இருபத்திரண்டு வருஷமாக நான் செய்வது.

சார் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார். பெரியவர் காலமான பிறகு இந்த மகன்தான் முதலாளி, நாலு வருஷமாக. "இது யாரோட வேலையையும் எடுக்காது. உங்க வேலையை ஈஸியாக்கும்." பிறகு கேக் வெட்டினார்கள். சாஃப்ட்வேருக்கு கேக். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு டீகூட இல்லை, அது வேறு விஷயம்.

சொல்லிக்கொடுக்க அந்தக் கம்பெனியிலிருந்து நிவேதா என்று ஒரு பெண். சின்ன வயசு, பொறுமைசாலி. "நீங்க சொல்றதைத்தான் இது கத்துக்கும் மேடம். எதையும் விடாதீங்க. உங்க மண்டைக்குள்ள இருக்கிறது எல்லாத்தையும் எழுதிக் குடுங்க."

எல்லாத்தையும். சரி.

வாங்க: து. பருப்பு, குக்கர் கேஸ்கெட், இவருக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்

சாருடைய பழைய மெயில்களை எல்லாம் அதற்குக் கொடுத்தாயிற்று. அவர் நடையைப் பிடித்துக்கொள்ளுமாம். மத்தியானம் சேலையூர் அபார்ட்மென்ட்டுக்கு ஒரு பதில் எழுதிக் காட்டியது. சார் இரண்டு தடவை படித்தார். "அப்படியே நான் எழுதற மாதிரியே இருக்கு இல்ல?"

இருக்காதா பின்னே. அத்தனை மெயிலும் நான் எழுதியது. அவர் "ஓகே, அனுப்பிடுங்க" என்பார், அதோடு சரி. நிவேதா என்னைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு. நான் தண்ணீர் பிடிக்க எழுந்து போய்விட்டேன்.

ரிஜிஸ்டர்: மெக்கானிக் முருகேசன், காலை – பல்லாவரம் ஸ்டோர், ஸ்பேர் எடுக்க. வழக்கம்போல.

ஜூன் 12, வியாழன்

நேற்றும் இன்றும் உட்கார்ந்து எழுதினேன். விதி என்று தலைப்புப் போட்டு நம்பர் கொடுக்கச் சொன்னாள். ஞாபகத்துக்கு வந்த வரிசையில்:

விதி 4. பெருங்களத்தூர் சி பிளாக் மாமி போன் செய்தால், முதலில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்கவும். பாதி நாள் கரண்ட்தான் போயிருக்கும்.

விதி 9. சேலையூர் செயலாளர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இங்கிலீஷில் எழுதக் கூடாது. "மதிப்பிற்குரிய ஐயா" கட்டாயம்.

விதி 17. ஞாயிறு சாயந்திரம் வண்டலூர் தாண்டி ஆள் அனுப்பினால் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லவும். ஜூ கூட்டம்.

விதி 22. சங்கத் தலைவர் வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் வரை கான்ட்ராக்ட் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் போகக் கூடாது.

இருபத்தெட்டு வந்தபோதே நிவேதா "போதும் மேடம், சூப்பர்" என்றாள். எனக்குப் போதவில்லை.

விதி 31. செவ்வாய், வெள்ளி பன்னிரண்டு மணிக்கு முன் முருகேசனுக்கு வேலை ஒதுக்கக் கூடாது.

"காரணமும் போடுங்க மேடம், அப்பதான் சரியா புரிஞ்சுக்கும்." போட்டேன். மனைவிக்கு டயாலிசிஸ். குரோம்பேட்டையில் காலை ஏழரைக்குப் படுத்தால் பதினொன்றரை. முடிந்து எழுந்தால் தலை சுற்றும், கூட ஆள் வேண்டும். மத்தியான ஷிஃப்டில் இடம் இல்லை. ஒரே மகள், விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்தது. அதற்குப் பதிலாக ஞாயிறு வரும் கம்ப்ளெய்ன்ட் எல்லாவற்றுக்கும் முருகேசன்தான் போவார். மெக்கானிக்குகள் நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டது. மூன்று வருஷமாக ஒரு லிஃப்ட்டும் இதனால் நின்றதில்லை.

ரிஜிஸ்டரில் மட்டும் "பல்லாவரம் ஸ்டோர்" என்று எழுதுவேன். வெள்ளிக்கிழமை சந்தை டிராஃபிக், அதனால் லேட் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். சாரிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாலிசி என்பார்.

நிவேதாவிடம் கேட்டேன், இதையெல்லாம் சார் படிப்பாரா என்று. "ரூல்ஸ் பேஜை யாரும் திறக்கக்கூட மாட்டாங்க மேடம்."

மொத்தம் நாற்பத்து மூன்று விதிகள். சார் எட்டிப் பார்த்து, "இவ்ளோவா மேடம்?" என்றார். ஆமாம் சார், இவ்வளவு.

ஜூன் 13, வெள்ளி

பன்னிரண்டேகாலுக்கு முருகேசன் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "இன்னாக்கா, புது மெஷினு எப்டி கீது?"

"கத்துக்குது. வீட்ல எப்படி இருக்காங்க?"

"கால் வீக்கம் கொஞ்சம் கம்மியா கீது. தண்ணி குடிக்காதன்னா அழுவுது. இந்த வெயில்ல எப்டிக்கா குடிக்காம இருக்கறது."

விதியில் எழுதியதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்தேன்.

கேஸ்கெட் வாங்க மறந்து போச்சு.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று முதல் அது தனியாக ஓடுகிறது. சி பிளாக் மாமி கூப்பிட்டார். "மாமி, முதல்ல வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?" என்று அது கேட்டது. என் வாக்கியம். குரல் மட்டும் யாருடையதோ.

இன்று காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முருகேசனுக்கு முதல் வேலை 12.10, ராதா நகர். பரவாயில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறது. கொஞ்சம் பாசம்கூட வந்துவிட்டது அதன்மேல்.

எனக்கு வேலை இல்லை. டிராயரைத் துடைத்தேன். பத்து வருஷத்துப் பேனா மூடிகள். மூன்று மணிக்கே போய்விடலாம் போலிருந்தது. யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

ஜூன் 18, புதன்



அது சாருக்கு முதல் வார ரிப்போர்ட் கொடுத்திருக்கிறது. யாரும் கேட்காமலே நாங்கள் ஸ்கேன் செய்து கொடுத்த பழைய ரிஜிஸ்டரையும் என் விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. கடைசிப் பக்கம், கட்டம் கட்டி: "செவ்வாய், வெள்ளி காலைகளில் 'பல்லாவரம் ஸ்டோர்' எனப் பதிவாகியுள்ள நேரத்தில் ஸ்பேர் எடுத்ததற்கான ரசீது இல்லை. விதி 31-இன்படி இது சொந்தக் காரணத்துக்கான நேரம். மேம்படுத்த வாய்ப்பு உள்ளது."

மேம்படுத்த. நாசமாய்ப் போக.

சார் கூப்பிட்டார். கோபமே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மூணு வருஷமா பொய் என்ட்ரி போட்டிருக்கீங்க மேடம்."

ஞாயிறு முழுக்க அவர்தான் ஓடுகிறார் சார் என்றேன். "சண்டே வேற, இது வேற. ஒருத்தருக்கு விட்டா நாலு பேர் கேப்பாங்க." வெள்ளி முதல் எட்டரைக்கே முதல் வேலை. இஷ்டமில்லை என்றால் பேப்பர் போட்டு வேலையை விடட்டும்.

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். உங்க பேரை நான் இழுக்க மாட்டேன். சிஸ்டம் கண்டுபிடிச்சதுன்னு சொல்லிக்கறேன்." பெரிய உபகாரம் செய்வதுபோல முகம்.

வேண்டாம் சார், என் பேரையே சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் முதல் வேலையாக அதனிடம் கேட்டேன், ரிப்போர்ட்டில் அந்தப் பாராவை எடுத்துவிடு என்று. அனுப்பிய ரிப்போர்ட்டை மாற்ற முடியாதாம். விதி 31-ஐ வேண்டுமானால் மாற்றலாமாம். பார்த்தால் சார் ஏற்கெனவே மாற்றியிருக்கிறார். "முருகேசன்: எல்லா நாளும் 8.30 முதல்." "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டது. இந்த மரியாதையும் என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

நிவேதாவுக்குப் போன். "அச்சச்சோ மேடம். ரூல்ஸ் பேஜை யாரும் படிக்கலையே மேடம், அதுதான் படிச்சுது." அவளைத் திட்டி என்ன பயன்.

இவரிடம் சொன்னேன். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "நீ முருகேசனுக்காகத்தானே எழுதின, விடு" என்றார். அங்கேதான் இடிக்கிறது. அவருக்காக எழுதவில்லை. அவரைக் காப்பாற்ற முதல் வரி போதும். காரணம், ஏற்பாடு, மூன்று வருஷக் கதை எல்லாம் எதற்கு? நான் எத்தனை சுமக்கிறேன் என்று அந்தக் கேக் வெட்டியவனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான். பெருமைக்கு எழுதினேன். யாரும் எழுதிவைக்காததால்தான் மூன்று வருஷம் ஓடியது, அது எனக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 20, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை, புழுக்கம்.

8.30 கூடுவாஞ்சேரி. 10.00 பொத்தேரி. இரண்டுக்கும் முருகேசன் போனார். அவர் மனைவி ஆட்டோவில் தனியாக குரோம்பேட்டை. கூட வந்த ஆள் எங்கே என்று நர்ஸ் கேட்டதற்கு, கீழே டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லிப் படுத்திருக்கிறார். முடிந்து இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. யாரோ பூ விற்கிற அம்மா ஆட்டோவில் ஏற்றி, கூடவே வீடு வரை வந்திருக்கிறாள்.

இதையெல்லாம் முருகேசன் சாதாரணமாகத்தான் சொன்னார், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "அந்தம்மா காசு கூட வாங்கலக்கா. யாரு பெத்த புள்ளயோ."

"நான் சார் கிட்ட பேசறேன் முருகேசன்."

"நீங்க இன்னா பண்ணுவீங்கக்கா. மெஷினு கண்டுபுட்ச்சிச்சாம்."

பேசினேன், மூன்று மணிக்கு. சார் போனில் இருந்தார், கையைக் காட்டினார். நாலு மணிக்கும் போனில். ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டார். பேசினேன் என்று எழுதியது தப்பு. போய் நின்றேன்.

ஜூன் 21, சனி

இன்று விடவில்லை. பேசினேன். செவ்வாய், வெள்ளி இரண்டு காலைக்கும் முருகேசனுக்குப் பதில் நான் யாரையாவது ஏற்பாடு செய்கிறேன், எழுதியே தருகிறேன் என்றேன். சார் லேப்டாப்பைத் திருப்பி அதனிடமே கேட்டார். முடியுமா என்று. "பரிந்துரைக்கப்படவில்லை" என்றது. நாலு காரணம், வரிசையாக. நான் எழுதும் முறையில், பணிவாக.

சார் சிரித்துக்கொண்டே, "பாருங்க, உங்களை மாதிரியே கறாரா இருக்கு" என்றார். இந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் உண்டாம். இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்ததற்கு.

வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தலைவலி போகவில்லை. முடிச்சூர் லிஃப்ட்டில் ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டது. ஞாயிறு முருகேசன் போவார் என்ற வரியை சார் எடுக்கவில்லை. அவர்தான் போனார்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று சாயந்திரம் நல்ல மழை. ஆபீஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். செருப்பு நாசம்.

காலை எட்டரை வேலைக்கு முருகேசன் போகவில்லை. திரையில் அவர் பெயர் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. மனைவியோடு ஆஸ்பத்திரியில் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டரைக்கு வந்தார். ஒரு கையில் டூல் பை, இன்னொரு கையில் துணிப் பை. நேராக சார் அறை. ஐந்து நிமிஷம்கூட இல்லை, வெளியே வந்துவிட்டார்.

"பேப்பர் போட்டுட்டேன்கா."

வேறு வேலை பார்த்தாச்சா என்று கேட்டேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். ராத்திரி டூட்டி, காலை ஆறுக்கு முடிந்துவிடும். "காத்தால ஃப்ரீதான். வூட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்." இருபத்தாறு வருஷம் லிஃப்ட் பார்த்த மனுஷன். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்வார்.

"தூங்கறது எப்போ முருகேசன்?"

"ஆஸ்பத்திரில பெஞ்சி கீதேக்கா."

துணிப் பையை என் மேஜையில் வைத்தார். ஆறு பங்கனப்பள்ளி. மகள் விழுப்புரத்திலிருந்து அனுப்பியதாம். "டாக்டரு அதுக்கு மாம்பழமே ஆவாதுன்ட்டாரு. உங்க கையில குடுத்துட்டு வரச் சொல்லிச்சு. மூணு வருசம் அந்தக்கா நமக்குப் பண்ணத நம்ம சொந்தக்காரங்க கூட பண்ணலன்னுச்சு."

பையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தேன்.

"நீங்க பாத்துனு இருந்த வரைக்கும் ஓடிச்சுக்கா. இந்த மெஷினு வந்துதான் எல்லாம் பேஜாராயிடுச்சு."

"ஆமா முருகேசன்," என்றேன். "மெஷின்தான்."