சின்னப் பெட்டிகளின் உள்பக்கம்

இன்று காலையில் ஒரு பெட்டியைத் திறந்தேன். கோட்டாற்றில் ஒரு வக்கீல் ஆபீசைக் காலி செய்தபோது ஒதுக்கிப் போட்டது. சேலைப் பெட்டி போலத் தட்டையாக, மானிட்டருக்கு அடியில் படுத்துக் கிடக்குமே, அந்தக் காலத்துச் சின்னக் கம்ப்யூட்டர். மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை வந்தது. சூட்டில் வெந்த தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் லேசான துருவும் கலந்த வாசனை. எனக்குத் தும்மல் வருவதற்குள் கண் ஸ்குரூக்களைத் தேடிப் போய்விட்டது. எனக்கு முன்னால் இதைத் திறந்தது யார்? எதை எடுத்தார்கள்? எதை மாற்றி வைத்தார்கள்? பழைய பெட்டியைப் பார்த்ததும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. உன்னைச் சந்திக்கும் முன் இந்தப் புத்தி எனக்குக் கிடையாது.

நாம் சந்தித்ததே சந்தேகத்தில்தான். கோட்டாறு ஆக்கர் கடையில், பழைய இரும்புக் குவியலுக்கு நடுவில் கிடந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் என் கை, மறு மூலையில் உன் கை. நான் பக்கத்துத் தெருவில் போர்டு எழுதும் கடை வைத்திருப்பவள் என்பது உனக்குத் தெரியாது. நீ மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவள், அம்மாவைப் பார்த்துக்கொள்ள முட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டவள் என்பது எனக்கும் தெரியாது.

"ஏட்டி, இது உனக்கு எதுக்கு?" என்றாய்.

"பாக்க அழகா இருக்கு. கடையில முன்னால வைக்கப் போறேன்."

"அழகுக்காக்கும் கம்ப்யூட்டர் வாங்குத? யாரு சொல்லி வந்தே?"

யாரும் சொல்லவில்லை என்று நான் சொல்லச் சொல்ல உன் கண் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நீ அதை ஓட வைப்பாய், நான் அதன் மேல்தோலைப் பழையபடி ஆக்குவேன், என் கடை மாடியில் அது இருக்கும். உன் வீட்டில் வைக்க முடியாது. முட்டத்துக் கடல்காற்று ஒரு மழைக்காலத்தில் அதைத் தின்றுவிடும். மாடிச் சாவி ஒன்று உன்னிடமும் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய்.

அப்படி ஆரம்பித்தது, ஒரு அறை நிறைந்த பெட்டிகளாக வளர்ந்தது. ஜெபப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒன்று, கற்கண்டுத் துண்டு போலச் சதுரமாக ஒன்று, சுவரோடு ஒட்டி நிற்கும் மெலிந்த ஒன்று. வங்கிகளும் ஆபீசுகளும் புதிது வாங்கிப் பழையதைத் தள்ளிய காலம் அது. உள்பக்கம் முழுக்க உன் வேலை. உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதிது பற்றவைப்பாய். சின்னப் பெட்டிக்குள் காற்று ஓட இடம் கிடையாது, சூடுதான் இவற்றைக் கொல்கிறது என்று திட்டிக்கொண்டே விசிறியைத் துடைப்பாய். வெளிப்பக்கம் என் வேலை. மஞ்சளித்த முகப்பை வெளுக்க வைப்பது, துருவைத் தேய்த்து அதே சாம்பல் நிறத்தைக் கலந்து அடிப்பது, உதிர்ந்த எழுத்துகளை மறுபடி எழுதுவது. கம்பெனிக்காரன் கலந்த சாம்பலில் துளி நீலம் இருக்கும், சிலதில் துளி பச்சை. அதைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஓடாத ஒன்றையும் நீ அலமாரியில் வைக்க விட்டதில்லை.

ஒவ்வொரு ஸ்குரூவின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைப்பாய். யாராவது திறந்தால் பொட்டு உடையும். "யாரு வந்து திறக்கப் போறா?" என்று நான் சிரித்தால், "சிரிப்பும் உப்பும் ஒண்ணாக்கும். ரெண்டும் மெதுவாத்தான் அரிக்கும்" என்பாய்.

உன் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு உங்கள் கரைக்கு யார் யாரோ வந்தார்கள். நல்லவர்களும் வந்தார்கள். ஆனால் இடிந்த வீட்டின் முன்னால் உன் அம்மாவை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போன ஒருவர் திரும்பி வரவே இல்லை. அம்மா அவருக்காக வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாளாம். "அதுக்குப் பொறவு, இனிக்க இனிக்கப் பேசுகவங்களை நான் நம்புகது இல்ல" என்றாய்.

அதனால்தான், ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் நம் மாடிக்கு வந்த அன்றைக்கே நீ அவரைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

கொச்சியில் ஒரு கல்லூரியில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு நிரந்தரக் காட்சியறை அமைக்கிறோம் என்றார். நம் பெட்டிகள் எல்லாமே வேண்டும், சுவரில் நம் இருவர் பெயரையும் பொறிப்போம் என்றார். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊரெல்லாம் அடுத்தவர் பெயரை எழுதிக்கொடுப்பவள் நான். என் பெயரை இன்னொருவர் எழுதப் போகிறார்கள். நீ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாய். எந்தக் கட்டடம், எந்த மாடி, பொறுப்பாளர் யார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அவர் தந்த எண்ணுக்குப் போன் செய்தாய். எடுத்தவரும் அதையே சொன்னார்.

"நம்பினியா இப்போ?" என்று கேட்டேன்.

"ரொம்பச் சரியா சொல்லுகான். ஒரு கேள்விக்காவது தெரியாதுன்னு சொல்லாண்டாமா ஒரு மனுசன்?"

அன்று நமக்குள் பெரிய சண்டை. வாழ்க்கையில் ஒரு தடவை வரும் நல்லதையும் நீ மோந்து பார்த்தே கெடுக்கிறாய் என்றேன். நீ படியிறங்கிப் போனாய். மறுநாள் வந்து, "சரி, குடுப்போம்" என்றாய். அவ்வளவுதான்.

நீ அவ்வளவு லேசாகச் சம்மதிப்பவள் இல்லை. அன்றைக்குத்தான் உன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

வண்டி வருவதற்குச் சில நாள் முன்பு, பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கவனித்தேன். பொட்டுகளின் நிறம் மாறியிருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு. ஆனால் புதியதில் ரோஸ் கலந்திருந்தது. நிறம்தானே என் பிழைப்பு? நான் கடையில் இல்லாத நேரத்தில் நீ வந்து எல்லாவற்றையும் திறந்திருக்கிறாய். ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். நீ மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்த சர்க்கியூட் போர்டு உள்ளே இல்லை. அதே மாதிரியான செத்த போர்டு ஒன்று, உப்பிய கெப்பாசிட்டர்களோடு, அதன் இடத்தில் இருந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான்.

என்னென்னவோ தோன்றியது. நீயே யாருக்கோ விற்றுவிட்டாயா? அந்த ஆளோடு உனக்குத் தனியாகப் பேச்சு இருக்கிறதா? பஸ் ஏறி முட்டத்துக்கு வந்தேன். நல்ல வெயில். நீ அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாய்.

"போர்டெல்லாம் எங்க?"

நீ திடுக்கிடவில்லை. "பாத்துட்டியா? அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. போய்ப் பாரு."

அரிசி டிரம்மில், துணியில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் இருந்தன.

"அவன் வண்டியில ஏத்துகதுக்கு முன்ன ஒரே ஒரு பெட்டியையாவது போட்டுக் காட்டச் சொன்னான்னா, இதையெல்லாம் நானே கொண்டுபோய் மாட்டிக் குடுப்பேன். மாதாவாணை. கேக்காமலே ஏத்துனான்னா, அவனுக்கு வேண்டியது கூடு மட்டும்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "உன் முகம் காட்டிக் குடுத்திரும் மக்கா."

வண்டி வந்த அன்று காலையில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் காப்பி குடித்தார். நான் அடித்த சாம்பல் நிறத்தைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார். ஒவ்வொரு பெட்டியும் படியிறங்கும்போதும், 'கேளுங்கள், ஒன்றையாவது போட்டுக் காட்டச் சொல்லுங்கள்' என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். நீ பிளக் பாயின்ட் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் ஏறியது. கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு அந்தப் போன் எண் உயிரோடு இல்லை.

பெட்டிகளைக் கண்டுபிடித்தது நான்தான். மார்த்தாண்டத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஜூஸ் கடைக்குப் பெயர் எழுத அழைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க நம் பெட்டிகள், பசையால் ஒட்டி, எல்லாவற்றின் மேலும் தங்க நிற ஸ்பிரே. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் கடைகளுக்கு அலங்காரம் செய்து கொடுப்பவராம். கடைக்காரருக்கு ஒரு பாவமும் தெரியாது. "வெறும் கூடுதானே அக்கா" என்றார்.

வெறும் கூடு. அந்தச் சாம்பலுக்காக நான் கலந்த துளி நீலம் எல்லாம் அந்தத் தங்கத்துக்கு அடியில் இருந்தது. பெயர் எழுதாமலே திரும்பி வந்து உன்னிடம் சொன்னேன். "பாத்தியா, நான் அப்பவே..." என்று நீ தொடங்கினாய்.

"நீ ஜெயிச்சிட்டே. உன் வேலையை அரிசி டிரம்முல ஒளிச்சு வச்சே. என் வேலையை வண்டியில ஏத்தி அனுப்பினே."

அந்த ஆள்மேல் சந்தேகம் வந்தபோது இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆளைச் சோதிக்க இரை வேண்டியிருந்தது. என் பாதியை வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு வெகுநாள் நீ வரவில்லை. நானும் போகவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு துருப்பிடித்த கூட்டை என் மேசைமேல் வைத்தாய். அதே வகை, அதே அளவு. அடுத்த வாரம் இன்னொன்று. களியக்காவிளையிலிருந்து வள்ளியூர் வரைக்கும் ஒரு ஆக்கர் கடையையும் நீ விட்டுவைக்கவில்லை என்று பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ மன்னிப்பு கேட்கவில்லை. "பெயின்டு அடி" என்று மட்டும் சொன்னாய். அடித்தேன்.

எல்லாக் கூடும் சேர்ந்த பிறகு, அரிசி டிரம்மை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாய். "நீயே மாட்டு" என்றாய். உள்பக்கத்தை அதுவரை என்னைத் தொடவிடாதவள். நான் மாட்டினேன், நீ நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். படி ஏறி வந்ததில் உனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை நழுவியதையும் பார்த்தேன்.

"என்னமோ மறைக்குத நீ."

"உனக்கும் சந்தேகம் வந்திட்டு, பாத்தியா?" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. ஆனாலும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்க்கும் வரை உனக்கு நோய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, பங்கு சாமியாருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. என் முகத்துக்குப் பயந்தா, என்னையே நம்பாமலா? கேட்டிருக்கலாம். அந்தக் கட்டிலில் நீ கிடந்த கோலத்தில் வாய் வரவில்லை. அங்கேயும் நீ நீயாகத்தான் இருந்தாய். மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்க்காமல் ஒன்றையும் விழுங்கவில்லை. நர்ஸ் சொன்னதை டாக்டரிடமும், டாக்டர் சொன்னதை நர்ஸிடமும் கேட்டுச் சரிபார்த்தாய்.

கடைசியாக நான் வந்த அன்று, கண்ணைத் திறந்து கேட்டாய்.

"எல்லாம் ஓடுதா?"

"ஓடுது. வரும்போது ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

நீ எதையும் ஒரு தடவை கேட்டு விடுபவள் இல்லை. சத்தியமா என்று கேட்பாய், எதுவரைக்கும் பார்த்தாய் என்று கேட்பாய் என நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நீ, "செரி" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்த ஒரு "செரி" என்னிடம் இருக்கிறது. அது நம்பிக்கையா, அசதியா? உன்னோடு இத்தனை வருஷம் பழகியவளுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா? வருகிறது. வரும்போதெல்லாம் அந்தக் குரலை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அதில் இழுப்பு இல்லை, கேள்வி இல்லை. என்னை நம்பித்தான் சொன்னாய் என்று ஒவ்வொரு தடவையும் முடிவுக்கு வருகிறேன்.