ஸ்டீல் கம்பி மாட்டிவிட்டேன், அக்கா

கடைசிவரை என்னோடு ஒத்துப்போகாத என் செல்ல அக்காவுக்கு,

உன் எலெக்ட்ரிக் கிடாரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி மாட்டிவிட்டேன். ஆமாம், நீ வேண்டவே வேண்டாம் என்ற அதே ஸ்டீல்தான். திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு. பிறகு நடந்ததைக் கேள்.

நீ காய்ச்சலில் போனபின் அம்மா கிடாரை உன் படத்துக்குக் கீழே நிறுத்திவைத்தாள். ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் லேத் பட்டறையில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, வீட்டுக்கு வந்து உன் கிடாருக்கும் வைத்தாள். ஆறு கம்பியிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, மேலே தண்ணீரும் தெளித்துவிட்டாள்! "அவளோட ஆயுதம் இதுதான கண்ணு" என்றாள்.

மெல்லிய கம்பிகள் துருப்பிடித்தன. தடித்த கம்பிகளில் நீ ஆசையாய்த் தேடி வாங்கிய சுத்த நிக்கல் சுற்று இருக்குமே, அதன் இடுக்கெல்லாம் சந்தனம் இறுகிவிட்டது. தட்டினால் 'டொக்' என்றது.

இதற்குள் பெரியப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நீ ஆம்ப்ளிஃபயரைப் போட்டாலே மேலேயிருந்து தரையைத் தட்டுவாரே, அவரேதான். "ஒரு கண்ணாடிப் பொட்டி செஞ்சு உள்ள வெச்சுப்போடலாம் அம்மணி. வருசத் திதிக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து பாக்கோணுமில்ல?" என்றார். ஆசாரியை வரச்சொல்லி அளவும் எடுக்க வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ வாசித்தபோது ஒரு பாட்டைக்கூட முழுதாய்க் கேட்காத மனிதருக்கு, ஊமைக் கிடார் மட்டும் எதற்கு?

அன்று மாலையே கிடாரைத் தூக்கிக்கொண்டு காந்திபுரம் கடைக்குப் போனேன். "ஏனுங்க, நிக்கல் பூசுன ஸ்டீலே எடுத்துக்குங்க. ரொம்பக் கத்தாது, ரொம்ப அமுங்கியும் போகாது. எல்லாத்துக்கும் ஒத்துவருமுங்க" என்றார் கடைக்காரர். எல்லாருக்கும் ஒத்துவா என்பதைத்தான் நம் வீட்டிலும் தினம் சொல்கிறார்கள். வேண்டாம் என்றேன்.

சுத்த நிக்கலையும் கையில் எடுத்துப் பார்த்தேன், அக்கா. அதன் இதமான, உருண்ட சத்தம் என்றாலே நீதான். அதை மாட்டி நான் வாசித்தால் நீயே வாசிப்பதாக நினைத்து எல்லாரும் அழுவார்கள். நானும் அழுவேன். திருப்பி வைத்துவிட்டேன்.

ஸ்டீல் கூர்மையாய்க் கத்தும், விரல் உரசினாலே கீச்சிடும், கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை, அந்த ஃப்ரெட்டையெல்லாம், தின்றுவிடும் என்பாய். தின்னட்டுமே! ஃப்ரெட் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாய் இருந்து என்ன சாதிக்கப்போகிறது?

திதியன்று பந்தி முடிந்ததும் ஹாலில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். நம் மியூசிக் பேண்டில் நீ லீட் கிடார், நான் பின்னால் ரிதம் கிடார். முதல்முறையாக உன் பகுதியை நான் வாசித்தேன். நடுவே தப்பும் விட்டேன். "நாள் கெழமை தெரியாத புள்ள" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா மாடிக்குப் போய்விட்டார்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது அவ சத்தம் இல்லியே கண்ணு."

"இல்லம்மா. இது என்ற சத்தம்."

கம்பியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சந்தனக் கிண்ணத்தைத் தேடுகிறாளோ என்று பயந்துபோனேன். அப்போது மாடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. உனக்குத் தட்டிய அதே தட்டு. அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "இன்னுங் கொஞ்சம் சத்தமா வெய்யி" என்றாள்.

வைத்தேன், அக்கா. ஜன்னல் அதிர்ந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கிடாரின் மரத்தில் மட்டும் பொட்டு வைப்பதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் உனக்குத் தரும் வாக்கு இது: ஃப்ரெட் தேயும்வரை வாசிப்பேன். தேய்ந்தால் மாற்றிவிட்டு மறுபடி வாசிப்பேன். தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.

இப்போதும் உன் பேச்சைக் கேட்காத தங்கை,
நித்யா