சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள், அத்தை

என் அன்பான கோபக்கார அத்தைக்கு,

உங்கள் முதல் வருஷத் திதி போன வாரம் முடிந்தது. சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதெல்லாம் வயிற்றெரிச்சல்.

சமையலறை வாசலை ஒட்டி இருக்கிறதே நம் ஹால் சுவர், அதற்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நான் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் மகன் ஆளைக் கூட்டிவந்து, ஆணியெல்லாம் பிடுங்கி, கோடெல்லாம் மறைத்து, நடுவில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் பார்த்தால் அசிங்கமாம். நீங்களும் நானும் சேர்ந்து செய்ததை அழித்துத்தான் உங்களைக் கௌரவப்படுத்த வேண்டுமா?

நீங்களும் ஒரு காலத்தில் என்னைத் திட்டியவர்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போவேன், அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுவேன், கீழே பால் பொங்கிக் கருகும். நம் பாப்பாவின் ஸ்கூல் ஐடி கார்டை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவேன். தலையைக் கழற்றி வைத்தால் வைத்த இடத்தையும் மறந்துவிடுவாள் என்று தெருவுக்கே சொன்னீர்கள்.

பெங்களூர் டாக்டர் இதற்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று பேர் சொன்னபோது உங்கள் மகன் சிரித்தார். கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறாயே, அங்கே வராத வியாதி வீட்டில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டார். ஃபோனில் அலாரம் வைத்துக்கொள் என்றார். அலாரம் அடிக்கும், அணைப்பேன், எதற்கு அடித்தது என்பது அதோடு போய்விடும். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதில் கிடைத்தது ஆயுத பூஜை அன்று. கம்பெனி கேட்டைக் குடும்பத்துக்குத் திறந்துவிடுகிற அந்த ஒரு நாளில் என் லைனைப் பார்க்க வந்தீர்கள். கையில் பொரிப் பொட்டலத்தோடு டூல் போர்டு முன்னால் நின்றுவிட்டீர்கள். ஸ்பேனர் தொங்கும் இடத்தில் ஸ்பேனர் உருவம், சுத்தியல் தொங்கும் இடத்தில் சுத்தியல் உருவம், எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் கோடு. எதற்கு இது என்றீர்கள். எடுத்தவர் திருப்பி மாட்ட மறந்தால் காலி இடம் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன்.

"அப்ப இங்க இத்தினி பேருக்கும் மறதியா?"

"மனுஷன்னா மறப்பான்னு வெச்சுதான் அத்தே எல்லாத்தையும் பண்ணியிருக்காங்க."

"இத்தினி பெரிய கம்பெனியே யார் ஞாபகத்தையும் நம்பல. நாங்க மட்டும் இன்னாத்துக்கு உன் ஞாபகத்தைப் புடிச்சித் தொங்கறோம்?"

என் கல்யாண வாழ்க்கையில் எனக்காக ஒருவர் பேசிய முதல் வார்த்தை அது. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆணியும் கொக்கியும் வாங்கினீர்கள். நீங்கள் ஒவ்வொரு சாமானாகச் சுவரில் அழுத்திப் பிடிக்க, நான் சுற்றிக் கோடு போட்டேன். சாவி, கத்திரிக்கோல், டார்ச் லைட், ஐடி கார்டு, உங்கள் பி.பி. மாத்திரை டப்பா. காலையில் உங்களுக்கு மாத்திரை கொடுத்து டப்பாவைத் திரும்ப மாட்டிய பிறகுதான் செருப்பைப் போடுவேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்த உங்கள் மகனுக்கும் தெரியும்.

அந்த டப்பாவை வைத்துத்தான் என் மேல் பழி போட்டாள் உங்கள் மகள். சேலத்திலிருந்து வந்தவள், உங்கள் படத்தைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். பிறகு பந்தியில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அண்ணி மறதிக்காரங்க. அம்மாவுக்கு மாத்திரைய ஒழுங்கா குடுத்தாங்களோ இல்லியோ, யாரு கண்டா."

நீங்கள் போன அன்று, மாத்திரை சாப்பிட்டாலும் இப்படி நெஞ்சுவலி வரலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள். சாம்பார் வாளியோடு அவள் இலைக்கு எதிரே நின்ற உங்கள் மகன் அடுத்த இலைக்கு ஊற்றப் போய்விட்டார். ராத்திரி கேட்டால், திதி நாளில் எதற்குச் சண்டை என்கிறார். கொலைப்பழிக்குச் சண்டை போடாமல் வேறு எதற்குப் போடுவது, அத்தை?

இங்கே ஒரு செய்தி சொல்கிறேன், சிரிப்பீர்கள். வெள்ளையடித்த நாளிலிருந்து பைக் சாவியைத் தேடாத காலையே அவருக்கு இல்லை. அவர் தொலைத்தால் ஆம்பளைக்கு ஆயிரம் ஜோலி. நான் தொலைத்தால் குடும்பத்துக்கு லாயக்கில்லாதவள். அந்தச் சுவரை வீடே பயன்படுத்தியது, வியாதி மட்டும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன், நல்ல வெளிச்சம் விழுகிற இடம்தான். பழைய சுவரில் மறுபடி கோடு போடப் பென்சிலை எடுத்தேன். அவர் வந்து நின்றார். அவருடைய தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, தினமும் மாத்திரை கொடுத்தது யார் என்று என் எதிரில் சொல்லச் சொன்னேன். போட்டார். "அவ ஏதோ குடுத்துக்கிட்டுதான் இருந்தா" என்றார். ஏதோவாம்! ஃபோனைப் பிடுங்கி நானே சொன்னேன்.

"ஒரு வேளகூட நான் தவறவிட்டதில்ல. எல்லார் முன்னாடியும் சொன்ன, எல்லார் முன்னாடியும் திருப்பி வாங்கிக்க."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அவர் ஆணி அடித்துக் கொடுத்தார். கோடெல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, உங்கள் டப்பாவின் கோடும்.

என் கோபத்தை என்னாலேயே நம்ப முடியாது, அத்தை. அது வந்த வேகத்தில் வேறொன்றின் பின்னால் ஓடிவிடும். இது ஓடக் கூடாது. கம்பெனியில் எடுத்துப்போன சாமான் திரும்பாவிட்டால், காலி இடத்தில் எடுத்தவர் பேரை எழுதி வைப்போம். உங்கள் டப்பாவின் காலிக் கோட்டுக்குள் உங்கள் மகள் பேரைப் பெரிதாக எழுதிவிட்டேன். அடுத்த திதிக்கும் அதே சொந்தக்காரர்களைக் கூப்பிடுவேன், அதற்கு எதிரிலேயே அவளுக்கு இலை போடுவேன். என்னிடமிருந்து எடுத்துப்போன நல்ல பேரை அவள் திருப்பித் தருகிற வரைக்கும் அதை யார் அழித்தாலும் மறுபடி எழுதுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

நீங்கள் கட்டிக்கொடுக்காத மகள்,
உங்கள் மருமகள்
சுமதி