ஜலீல் பாய் பார்த்துச் சொன்ன இரண்டு லென்ஸ்கள்

4-8-86, திங்கள். ஆம்பூர்

பவர் ஜூம் லென்ஸ் இரண்டும் வாணியம்பாடிக்கு வந்துவிட்டன. சொன்னவன் அன்வர். சிங்கப்பூரிலிருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டே சொல்கிறானாம். நாளை கொண்டுவருவான்.

காலையிலிருந்து புழுக்கம். மழை இல்லை.

தோல் பதனிடும் ஷாப் முதலாளி கேட்டிருப்பது இருபது நிமிட கேசட். வெளிநாட்டில் தோல் வாங்குபவர்களுக்குப் போட்டுக் காட்ட. செய்தி எழுத வந்து இருபத்தெட்டு வருடம், வீடியோ கேமரா தூக்க ஆரம்பித்து ஏழே மாதம். கேமராவோடு வந்த லென்ஸைக் கையால் திருக வேண்டும், திருகினால் படம் ஆடுகிறது. முழுத் தோலில் தொடங்கி மயிர்க்கால் தெரியும் வரை ஆடாமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். மோட்டார் வைத்த லென்ஸ்தான் வழி.

அன்வரிடம் கேட்க:
- நம் கேமராவின் மரைக்குப் பொருந்துமா
- மோட்டார் சத்தம் மைக்கில் விழுமா
- ஓரளவு இருட்டில் எப்படி
- வேண்டாததைத் திருப்பி எடுத்துக்கொள்வானா

கிரேஸ் எட்டிப் பார்த்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இத்தனை கேள்வி கேக்கலையே நீங்க."

5-8, செவ்வாய்

இரண்டும் பொருந்துகின்றன. ஒன்று ஆறு மடங்கு கிட்டத்தில் காட்டும், மற்றது பத்து மடங்கு. கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆறு மடங்குக்கு ஒன்பது விநாடி, பத்து மடங்குக்கு ஐந்து. பத்து கனம், கேமரா மூக்கைத் தொங்கப் போடுகிறது.

அன்வர்: "கல்யாணத்துக்குன்னா பத்துதான் சார். கடைசி வரிசைல உக்காந்துக்கினே மாப்பிள்ள வேர்வைய எடுக்கலாம்."

"மாப்பிள்ளை வேர்வையை யாருப்பா பாப்பாங்க?"

"பொண்ணு வீட்டுக்காரங்க சார். அவங்களுக்குத்தான் அது வேணும்."

எது தெளிவு என்று சொல்ல என் கண் போதாது. ஜலீல் பாயைக் கேட்க வேண்டும். அந்த ஷாப்பில் முப்பது வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறவர். ஒரு தோலை விரித்து, இரண்டு விரலால் மடித்து, பூச்சிக் கடியா முள் கீறலா என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். எனக்குச் செய்தி சொல்கிறவரும்கூட. தெரியாததைத் தெரியாது என்பார். அவர் சொல்லி நான் எழுதி ஒருநாளும் மறுப்பு போட்டதில்லை.

6-8, புதன்

ஷாப்பில் ஒரே தோலை இரண்டு லென்ஸாலும் எடுத்தேன். குரோமில் ஊறி வந்த நீலத் தோல், வெட் ப்ளூ. ஒவ்வொரு தடவையும் முதலில் வெள்ளைத் தாளைக் காட்டி கேமராவுக்கு நிறம் சரிசெய்தேன். தாள் இன்று காலை கடையில் வாங்கியது.

செலக்‌ஷன் ஹாலில், ஜலீல் பாய் தோல் பிரிக்கும் இடத்தில், ஏணி போட்டு ஜன்னல் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஏணி மேலிருந்து ஒருத்தர்: "மூணாவது தடவ சார் இது. பாய்க்கு வெளிச்சம் கம்மியா இருக்காம். இன்னும் தேச்சா கண்ணாடியே கரைஞ்சிடும்."

மாலை தூறல். தோல் நாற்றம் கொஞ்சம் அடங்கியது. ஸ்தோத்திரம்.

8-8, வெள்ளி

ஷாப்புக்கு விடுமுறை. தொழுகை முடித்து ஜலீல் பாய் நம் வீட்டுக்கு வந்தார். அன்வரும் இருந்தான். கேசட் போட்டேன்.

ஆறைப் பார்த்து: "கலர் சரியில்ல சார். நீலம் அழுக்கா இருக்கு."

பத்தைப் பார்த்து: "இதுவும் அப்படித்தான். மஞ்சத் தண்ணில முக்கி எடுத்த மாதிரி."

அன்வருக்கு முகம் வாடிவிட்டது. "மாமூ, ரெண்டும் புதுசு! பெட்டிய நானே பிரிச்சேன்."

"பெட்டி புதுசுடா. உள்ள இருக்கறது?"

டி.வி.யில் குமிழைத் திருகினேன். மாற்றமில்லை என்றார். எனக்கு நீலம் நீலமாகத்தான் இருந்தது. கிரேஸுக்கும். நிறம் சரிசெய்ததில் பிசகோ என்று அந்த வெள்ளைத் தாளையே எடுத்து வந்து, "இதை வச்சுத்தான் பண்ணேன் பாய்" என்றேன்.

வாங்கிப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சிரித்தார். "அப்ப அதான் சார். பழைய பேப்பர். மஞ்சப் பூத்துப் போச்சு. புதுசு வாங்கி எடுங்க, லென்ஸ் மேல தப்பில்ல."

அன்வர் பெருமூச்சு விட்டான். நானும் கிரேஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புதன் காலை வாங்கிய தாள் அது.

10-8, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை.

உறுதியானது: தாள் வெள்ளை. சாட்சி நான், கிரேஸ், கடைக்காரர். உறுதியாகாதது: அவர் கண்ணில் என்ன. புரையாக இருக்கலாம். மெல்ல மெல்ல வந்தால் வந்தவருக்கே தெரியாது என்கிறாள் கிரேஸ். அவள் அப்பாவுக்கு அப்படித்தான்.

சொன்னால் தரம் பிரிக்கும் மேசை போய்விடும். கண் இல்லாத செலக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? பக்ரீத் வருகிறது, தோல் வந்து குவியும் நேரம். சொல்லாவிட்டால் கண் போகும்.

கிரேஸ்: "ஊர் விஷயமெல்லாம் ஓடி ஓடிச் சொல்றீங்க. இத சொல்ல வாய் வரல?"

11-8, திங்கள்

சொல்லிவிட்டேன். டீக்கடைப் பின்பக்கம், பதினொரு மணி இடைவேளையில். தாள் படம் எடுத்த அன்று காலை வாங்கியது என்று மட்டும் சொன்னேன். மீதியை அவரே சேர்த்துக்கொண்டார்.

டீயைக் கீழே வைத்தார். "ஜூன்லருந்து நான் ஜன்னலக் கழுவ வச்சுக்கினு இருந்தேன் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் தன் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "ஜூன்லருந்து நான் பிரிச்ச சரக்கு?" என்றார். நீலத்தில் சாயல் பார்த்து ஒரே மாதிரியானதைத்தான் ஒரு லாட்டாகச் சேர்ப்பது. சாயல் மாறிச் சேர்ந்திருந்தால் அவர் எழுதிய தரம் அத்தனையும் சந்தேகம்.

முதலில் டாக்டரைப் பார்ப்போம், முதலாளிக்கு அப்புறம் சொல்லலாம் என்றேன்.

"அதுவரைக்கும் லாரி நிக்குமா சார்? கோடவுன்ல பாதி இருக்கு. இப்பவே போறேன்."

போய்விட்டார். டீ அப்படியே ஆறிக் கிடந்தது. நான் அவர் இடத்தில் இருந்தால் போயிருப்பேனா? தெரியாது.

12-8, செவ்வாய்

ஜலீல் பாய் சொன்னது; ஷாப் கணக்குப்பிள்ளையிடமும் விசாரித்தேன், ஒத்துப்போகிறது. கோடவுன் சரக்கு நிறுத்தப்பட்டது. வேறு இருவர் மறுபடி பிரிக்கிறார்கள். சாயல் கலந்திருக்கிறது; கீறல், பூச்சிக் கடியில் தவறு இதுவரை இல்லை. அதை விரலும் சொல்லுமாம்.

முதலாளி கத்தவில்லை. வார்த்தைகள் இவை: "கண்ண சரி பண்ணிக்கினு வாங்க பாய். வந்து ஒரு பண்டல் பிரிங்க. பாக்கலாம்."

'பாக்கலாம்' வாக்குறுதி அல்ல. இருந்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. அதற்கும் நன்றி.

14-8, வியாழன்

வேலூர். காலை ஆறு மணி பஸ். ஜலீல் பாய் ஜன்னலோரம், வழி முழுக்க ஒற்றைக் கண்ணை மாற்றி மாற்றி மூடி பெயர்ப்பலகை படித்துப் பார்த்தபடி. "பள்ளிகொண்டா படிச்சிட்டேன் சார்!" "அது பள்ளிகொண்டா இல்ல பாய், பரோட்டாக் கடை." பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

கண் டாக்டரம்மா: இரண்டிலும் புரை. நரம்பு நன்றாக இருக்கிறது. பக்ரீத் முடிந்து 19-ஆம் தேதி முதலில் வலது கண். கண்ணாடி ஆறு வாரம் கழித்து. "தோல் பிரிக்க முடியுமா?" என்று பாய் கேட்டார். "கண்ணாடி போட்டுப் பாத்துதான் சொல்ல முடியும்" என்றார். இல்லாததைச் சொல்லாத டாக்டர். பிடித்தது.

வரிசையில் நான்கு மணி நேரம். அங்கேயே லென்ஸை முடிவு செய்தேன். ஆறு மடங்கு. பத்தில் கிட்டே போகப் போக ஷாப் வெளிச்சம் பத்தாமல் படம் இருள்கிறது. தோல்மேல் மெதுவாகத்தான் போக வேண்டும், அதற்கு அந்த ஒன்பது விநாடி தேவை. மோட்டார் சத்தம் விழத்தான் செய்கிறது; பேச்சைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பத்தை அன்வரிடமே கொடுத்துவிட வேண்டும், அவன் மாப்பிள்ளை வேர்வை எடுக்கட்டும்.

இரண்டில் ஒன்று எடுக்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் நானே எடுத்திருந்தால்?

19-8, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. நாற்பது நிமிடம். சிக்கல் இல்லை, சொன்னவர் டாக்டரம்மாவே. பாயின் சம்சாரம் வெளியே பெஞ்சில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு, பக்கத்தில் கிரேஸ் வாய்க்குள் ஜெபம். இருவரும் ஒரே பிளாஸ்கில் காபி.

21-8, வியாழன்

இன்று கட்டுப் பிரித்தார்கள். முகங்கள் கலங்கலாகத்தான் தெரிகின்றன; கண்ணாடி வந்தால் தெளியும். ஆனால் நிறம் தெரிகிறது.

"சார், உங்க சட்ட இன்னா கலர்?"

"நீலம் பாய்."

"இந்தச் சட்டைய நான் பச்சைன்னே நெனச்சுக்கினு இருந்தேன்." சட்டை முனையை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார். கோடவுனில் கலந்துபோன சாயல்களை நினைத்திருப்பார்.

கர்த்தருக்கும், டாக்டரம்மாவுக்கும், சொல்லச் சொல்லி என்னைக் குத்திய கிரேஸுக்கும் நன்றி.

பண்டல் பிரிக்கும் அன்று கேமரா கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"கொண்டாங்க. தோல்ல இருந்து கை வரைக்கும் எடுங்க."

"தப்பாப் போச்சுன்னா அழிச்சிடறேன் பாய்."

"அழிக்காதீங்க. தப்பாப் போனா அத மொதலாளிக்குப் போட்டுக் காட்டணும் சார். நானும் பாக்கணும்."

பாக்கி:
கண்ணாடி. செப். 30, டாக்டரம்மா சொன்னது.
இடது கண். நாள் குறிக்கவில்லை.
பண்டல். கண்ணாடி வந்த மறுநாள் என்கிறார் ஜலீல் பாய். முதலாளி இன்னும் உறுதி செய்யவில்லை. நாளை மறுநாள் சொல்வதாகக் கணக்குப்பிள்ளை.