பார்க்காத வயல்

3 ஜூலை 1973, திருவாரூர்
காத்தாயியின் குத்தகைப் பதிவு மனு 9ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. ஆதாரம்: தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகை. நில உரிமையாளர் அஹமது கபீரின் எதிர்மனுவில் ஒரு பத்திரிகைச் செய்தியும் சான்றாக இருக்கிறது. எழுத்தர் நகலைக் காட்டினார். 1970 ஜூலையில் வந்தது. நான் எழுதியது.

“அஹமது கபீர் ஒன்றரை ஏக்கரில் சொந்தமாகக் குறுவை செய்கிறார்.” காத்தாயியை வயலிலிருந்து வெளியேற்ற அந்த ஒரு வரி போதும்.

4 ஜூலை
பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அன்று ஒரே பகலில் ஐந்து ஊர்கள். ஊர்க் கணக்கரான கர்ணம் வீட்டில் மோர் குடித்தேன். அவர் சாகுபடிக் கணக்கான அடங்கலை வாசித்தார், எழுதிக்கொண்டேன். வாய்மொழிக் குத்தகைக்காரர் பெயரை அடங்கலில் ஏற்றுவதில்லை, சொந்தச் சாகுபடி என்றே போடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வயலுக்குப் போகவில்லை.

5 ஜூலை
காத்தாயியும் விவசாயச் சங்கத்துக் கண்ணுசாமியும் வந்தார்கள்.

“செத்துப்போன எம் புருஷன் அதுல ஏர் ஓட்டுனதப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கய்யா.”

“நான் பாக்கலையேம்மா.”

கண்ணுசாமி சிரித்தார். “அன்னைக்குப் பாக்காமத்தானே எழுதுனீங்க? இன்னைக்கும் பாக்காமச் சொல்லுங்க. இந்தத் தடவ எங்க பக்கம்.”

காத்தாயியின் நாற்றுக்கு இருபது நாள் ஆகிறது. பத்து நாளுக்குள் நட வேண்டும்.

7 ஜூலை
சனிக்கிழமைதோறும் நடராசன் வீட்டில் பௌத்த நூல் வாசிப்பு. அவர் பள்ளி ஆசிரியர், பத்து வருடமாகப் பௌத்தர். இன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

“கருணையால சொல்ற பொய் குத்தமா?” என்றேன்.

“கருணைதானா சார்? இல்ல, பழைய தப்பச் சீக்கிரம் கழுவிடுற அவசரமா? பாக்காததப் பாக்கலன்னு சொல்றதும் பொய் பேசாமைங்கற நாலாவது சீலந்தான். வெளைவு நம்ம கையில இல்ல.”

“அப்ப காத்தாயி தோத்துட்டா?”

“சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. கூட நில்லுங்க.”

சீலம் எனக்கு, நட்டம் அந்த அம்மாளுக்கு — இது என்ன அறம்? விளங்கவில்லை.

9 ஜூலை
விசாரணையில் சொல்லிவிட்டேன். “வயலுக்குப் போகவில்லை. உழுதவர் யாரென்று பார்க்கவில்லை. அடங்கலைக் கேட்டு எழுதினேன். வேறு ஆதாரம் கிடையாது.”

கண்ணுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாசில்தார் கபீரைப் பார்த்தார். “அந்த வருஷம் வயல்ல நீங்க நின்னீங்களா?” அவருடைய வக்கீல் எழுந்தார். கபீர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“எழுதுனவரே பாக்கலங்கறார். நான் எங்கய்யா பாத்தேன்? பினாங்குல கடையில நின்னேன். காத்தாயி புருஷன் காத்தான் உழுறான்னு வீட்டுலேர்ந்து கடுதாசி வந்திச்சு. அதுக்காக நெலத்த விட்டுத் தர்றேன்னு சொல்லல, ஆமா!”

10 ஜூலை
திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். “மூணு வருஷத்துக்கு முந்துன செய்திக்கா? ஊர் சிரிக்கும்யா.” சிரிக்கட்டும் என்றேன்.

13 ஜூலை
முடிவு வரும்வரை காத்தாயியைத் தடுக்கக் கூடாது என்று தாசில்தார் எழுதிவிட்டார். இன்று நடவு. பதினொரு பெண்கள். காலையிலிருந்து வரப்பில் நின்றேன். காத்தாயி நிமிர்ந்து பார்த்து, “நல்லாப் பாத்துக்குங்கய்யா, நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

நிலுவை: பக்கத்து வயல்காரர்களிடம் விசாரணை 20ஆம் தேதி, உத்தரவு 27. திருத்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமை வரும் — ஆசிரியர் சொன்னது. அச்சில் இன்னும் பார்க்கவில்லை.