ஓட்டை மேல் ஒரு பொட்டு

செப்டம்பர் 26, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. பிரஷர் லேபில் மட்டும் அரியர். காரணம் ஓர் ஓட்டை. மூடிய தொட்டிக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர் வால்வு. அதன் கழுத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. "இது எதுக்கும்மா?" என்று வைவாவில் கேட்டார்கள். "கம்பெனிக்காரங்க தப்பா போட்டுட்டாங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

டிசம்பருக்குள் பாஸாகாவிட்டால் ஓசூர் வேலை கிடையாது. கிடைத்ததே அது ஒன்றுதான். அம்மா சௌராஷ்ட்ரத்தில் திட்டினாள். தமிழில் அவ்வளவு அழகாகத் திட்ட வராது.

செப்டம்பர் 30, செவ்வாய்

லேபில் ஆயுத பூஜை. மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. என்னைக் கவிழ்த்த அந்த ஓட்டையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டிச் சந்தனத்தை எடுத்து அதன் மேலேயே அப்பினேன்.

"சாமிக்கே இம்புட்டு வைக்க மாட்டாங்க" என்றான் அழகுபாண்டி. எங்கள் வகுப்புப் பிரதிநிதி, பேரையூர்க்காரன்.

அக்டோபர் 8, புதன்

இந்த செமஸ்டர் லேபிலும் அதே ரெகுலேட்டர்தான். இன்று அழகுபாண்டியின் முறை. குமிழைத் திருகினான், அழுத்தம் காட்டும் முள் ஏறியது. தளர்த்தினான், இறங்கவே இல்லை. "மெல்லத் திருகச் சொன்னா பம்பரமா விடுற?" என்று லேப் வாத்தியார் சௌரிராஜன் சார் வகுப்பு முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! சந்தனத்தாலா? சேச்சே, பொட்டு என்ன செய்யும்?

அக்டோபர் 9

அழகுபாண்டி என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்?

நவம்பர் 11, செவ்வாய்

அரியர் பிராக்டிகல். வந்தவள் நான் ஒருத்திதான். எந்த பெஞ்ச் என்று முடிவு செய்ய மூன்று சீட்டுகள். தட்டை நீட்டியது அழகுபாண்டி. மீனாட்சி அம்மனை நினைத்து ஒன்றை எடுத்தேன். ரெகுலேட்டர்!

அழுத்தத்தை இரண்டு ‘பார்’ அளவில் வைக்கச் சொன்னார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். முள் இரண்டைத் தாண்டிவிட்டது. தளர்த்தினேன். இறங்கவில்லை. இன்னும் தளர்த்தினேன். ம்ஹூம். போச்சு, ஓசூர் போச்சு. உள்ள போன காத்து எங்கிட்டுதான் போகும்? — அடிப்பாவி, போற வழிய நீயில்ல அடைச்சு வச்சிருக்க!

துப்பட்டா ஊக்கைக் கழற்றி ஒரு குத்து. புஸ்ஸ்! காய்ந்த சந்தனம் தேர்வாளரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. முள் சமர்த்தாக இறங்கியது.

"என்னம்மா இது?"

"கூடுதல் காத்து வெளிய போற வழி சார். இத அடைச்சா அழுத்தத்த ஏத்தத்தான் முடியும், இறக்க முடியாது."

"அதில்லம்மா. சட்டையில என்ன?"

"பிரசாதம் சார்."

டிசம்பர் 12, வெள்ளி

பாஸ்! அம்மாவுக்குத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை, அழுதாள். நானும்தான்.

மாலையில் அழகுபாண்டிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தின்றான்.

"அன்னிக்கு உன்னாலதான் ஏச்சு வாங்குனேன். நீ அடைச்சதுல நீயே மாட்டட்டும்னு மூணு சீட்டுலயும் ரெகுலேட்டர்னே எழுதுனேன். நீ என்னடான்னா பாஸாயிட்ட!"

மற்ற இரண்டு பெஞ்சிலும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அதில் எது வந்திருந்தாலும் பெயில்தான் என்று அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

பாதிப் பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.